ஐந்து நாக்கும் ஒரு கோப்பையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் நாபா பள்ளத்தாக்கு வரும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளம். சில கிலோமீட்டர் அகலம். இருபுறமும் மலைத்தொடர்கள். தெற்கே உள்ள வளைகுடாவிலிருந்து மூடுபனி புகுந்து, கோடையிலும் திராட்சைத் தோட்டங்களைக் குளிர்விக்கிறது. இந்தச் சிறிய இடத்தில் 400க்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் தயாராகும் மொத்த ஒயினில் நாபாவின் பங்கு 4 சதவீதம் அளவே. ஆயினும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் அங்கே செல்கிறார்கள். அவர்களை இழுப்பது ஆலைகளோடு சேர்ந்த 'ருசி பார்க்கும் கூடங்கள்'.

மளிகைக் கடையில் வெல்லம் வாங்கும்போது ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே விலை கேட்கிறோம்? அதே ஏற்பாடுதான் இது. நீளமான ஒரு மேடை. அதன் பின்னால் ஊற்றித் தருபவர். நான்கைந்து வகை ஒயின்களை, ஒவ்வொன்றிலும் 30 மில்லி லிட்டர் அளவில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பையில் ஊற்றி, அது எந்தத் தோட்டத்துத் திராட்சை, எந்த ஆண்டு விளைச்சல் என்று விளக்குவார். பிடித்திருந்தால் புட்டி வாங்கிக்கொள்ளலாம். இப்போது பெரும்பாலான கூடங்களில் ருசி பார்ப்பதற்கே கட்டணம் உண்டு. அதுவும் குறைந்த தொகையன்று. 1861இல் தொடங்கிய சார்லஸ் க்ரூக் ஆலை பழமையானது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்ததால் இத்தொழிலே ஏறக்குறைய படுத்துவிட்டது. 1966இல் ராபர்ட் மொண்டாவி தம் ஆலையைத் தொடங்கி, வருவோரைச் சுற்றிக் காட்டி ருசி பார்க்கச் செய்வதையே ஒரு வழக்கமாக்கினார். பின்னர் கூட்டம் பெருகவே, 1990இல் நாபா மாவட்ட நிர்வாகம் ஒரு விதி செய்தது. புதிதாக அனுமதி பெறும் ஆலைகள், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வருவோரை மட்டுமே ருசி பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது அந்த விதி.

இனி விஷயத்துக்கு வருவோம். ஐந்து நண்பர்கள் மேடை முன் நிற்பதாகக் கொள்ளுங்கள். ஒரே புட்டியிலிருந்து ஐந்து கோப்பைகளில் ஊற்றப்படுகிறது. முதல் வாயில் ஒருவருக்குப் புளிப்பாக இருக்கிறது. ஒருவருக்குத் துவர்ப்பாக இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது நான்காமவர், "செர்ரிப் பழ வாசனை அடிக்கிறதே!" என்கிறார். இரண்டே நிமிடத்தில் ஐந்து பேருக்கும் செர்ரி வாசனை அடிக்கத் தொடங்கிவிடுகிறது! இந்தச் செர்ரி எங்கிருந்து வந்தது? கோப்பையிலிருந்தா? நண்பர் சொன்ன சொல்லிலிருந்தா? ருசியைப் பற்றி ஆராயும் விஞ்ஞானிகள் மிகுந்த அக்கறையோடு கேட்டுவரும் கேள்வி இது.

(மது உடலுக்குத் தீங்கானது. மது வகைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988இலேயே சேர்த்துவிட்டது. ஆகவே இதைக் குடிப்பதற்கான சிபாரிசாக யாரும் கொள்ள வேண்டாம். இதே விஞ்ஞானம் தேநீருக்கும் காப்பிக்கும் பொருந்தும் என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.)

கோப்பையில் என்ன இருக்கிறது?

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, எதில் ஆல்கஹாலையும் கார்பன்-டை-ஆக்சைடையும் வெளிவிடுகிறது. நம் வீட்டு ஆப்ப மாவு பொங்குவதிலும் நடப்பது நொதித்தலே. ஒயினில் 80 முதல் 85 சதவீதம் வரை தண்ணீர். 12 முதல் 15 சதவீதம் வரை ஆல்கஹால். மிச்சமிருக்கும் சிறு பங்கில்தான் அமிலங்கள், சர்க்கரை, நிறப்பொருள்கள், டானின்கள், நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் எல்லாம் அடக்கம். விலை வேறுபாடு முழுவதும் இந்தச் சிறு பங்கை வைத்துத்தான்.

கறுப்புத் திராட்சை ஒன்றை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விட்டால் சிவப்பு ஒயின். சாற்றை மட்டும் பிழிந்தெடுத்து நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். அந்த நிறப்பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். செம்பருத்திப் பூவிலும் இந்த வகைப் பொருளே இருக்கிறது. அமிலத்தில் சிவந்தும், காரத்தில் நிறம் மாறியும் அது காட்டும் வித்தையைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் மரத்திலிருந்து வெனிலின் இறங்கும். ஐஸ்கிரீமில் நமக்குப் பழக்கமான வெனிலா மணம் அதுதான்.

மேடை முன் நிற்பவர்கள் முதலில் கோப்பையைச் சாய்த்து, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள். அப்போது கண்ணாடியின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் ஏறி, துளித்துளியாகத் திரண்டு, கோடுகளாக வழியும். 'ஒயினின் கண்ணீர்' என்று இதைச் சொல்வதுண்டு. "பார், எவ்வளவு அழகாக வழிகிறது! உயர்ந்த சரக்கு!" என்று நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். அது சரியன்று. 1855இல், கெல்வின் பிரபுவின் அண்ணனான ஜேம்ஸ் தாம்சன் இதன் காரணத்தை விளக்கினார். படலம் மெல்லியதாக இருப்பதால் அதிலுள்ள ஆல்கஹால் விரைவில் ஆவியாகிறது. ஆல்கஹால் குறையக் குறையப் படலத்தின் பரப்பு இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடிய மேற்பகுதி, கீழேயுள்ள திரவத்தை மேலே இழுக்கிறது. இழுத்தது கனத்துத் துளியாகி வழிகிறது. கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். ஆவியாதல் தடைப்பட, கண்ணீரும் நின்றுபோகும். ஆல்கஹால் கணிசமாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கண்ணீர் எதையும் சொல்லாது.

நாக்கைவிட மூக்கே பெரிது

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் உள்ளது போன்ற உமாமி: நாக்கு அறிந்தவை இவ்வளவே. செர்ரி, மிளகு, வெனிலா, புகை என்று மேடை முன் பேசப்படுபவை அத்தனையும் மூக்கின் வேலை. வாயில் உள்ள திரவத்தின் ஆவி, தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கின் உட்கூரையை அடைகிறது. ஆனால் மூளையோ, 'இது வாயில் இருக்கிறது' என்று கணக்கு எழுதிவிடுகிறது. சளி பிடித்தபோது ரசம் சப்பென்று இருப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்க நாபாவுக்குப் போக வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டுமே தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். அந்தக் கணமே மணம் வந்து நிறையும்! இந்தத் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது. மஸ்கட் இனங்களின் மணத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் காரணம். லினலூல் நம் கொத்தமல்லி விதையிலும், ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் உள்ளவை. மஸ்கட் திராட்சையிலிருந்து செய்த ஒயினிலும் இந்த மணம் அப்படியே தங்குகிறது. பெரும்பாலான ஒயின்கள் அவ்வாறு இல்லை. திராட்சையைத் தவிர வேறு எது எதுவோ மணக்கும். அதில் மாயம் எதுவுமில்லை. குடைமிளகாய் வாசனை வீசும் கேபர்னே சாவின்யோன் ஒயினில், குடைமிளகாயில் உள்ள அதே பைரசீன் மூலக்கூறு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் 50 கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூட மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும் என்றால் மூக்கின் நுட்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோருடைய மூக்கும் ஒன்றா? இங்கேதான் நண்பர்களோடு செல்வதில் உள்ள சுவாரசியம் தொடங்குகிறது.

ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினில் மிளகு வாசனை இருக்கும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்குக் காரணமான ரோடண்டோன் என்னும் பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்து 2008இல் வெளியிட்டனர். நம் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் முக்கியமான காரணம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நூற்றாண்டுகளாக மிளகு விற்றோம். அதன் வாசனை எது என்பது தெரிய ஒயின் ஆராய்ச்சி தேவைப்பட்டது! அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் கூடவே வந்தது. தண்ணீரில், லிட்டருக்கு 8 நானோகிராம் இருந்தாலே பெரும்பாலோர் இந்தப் பொருளை முகர்ந்து அறிந்தார்கள். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 20 சதவீதத்தினர், அதைப்போல் 500 மடங்கு இருந்தபோதும் அறியவில்லை. அவர்கள் மூக்கில் குறை ஒன்றுமில்லை. மற்ற வாசனைகள் தெரிகின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் அவர்கள் குருடு.

மூக்கின் உட்கூரையில் வாசனை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றை ஆக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. இவற்றில் எது யாரிடம் கூர்மையாக இருக்கிறது, எது மங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே மேடை முன் நிற்கும் ஐந்து பேரில் ஒருவருக்கு மிளகு வாசனை தெரியவில்லை என்றால், அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதில் நியாயமில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தனக்கும் தெரிகிறது என்று தலையாட்டினாரானால், அப்போதுதான் சந்தேகிக்க வேண்டும்.

துவர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் அறுசுவையில் இதற்கு ஓர் இடம் தந்தார்கள். இன்றைய உடலியலார் பெரும்பாலும் இதைச் சுவை என்று ஒப்புவதில்லை. தொடுவுணர்ச்சியின் பக்கம் சேர்க்கிறார்கள். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, கடுக்காய், நெடுநேரம் கொதித்த தேநீர் ஆகியவற்றில் உள்ள டானின் போன்ற பொருள்கள், உமிழ்நீரில் உள்ள வழவழப்பான புரதங்களோடு ஒட்டித் திரண்டுவிடுகின்றன. மசகு போட்ட இயந்திரத்தில் மசகைத் துடைத்தெடுத்தது போல் வாய் சொரசொரப்பாகிறது. சிவப்பு ஒயினின் 'பிடிப்பு' இதுவே. ஒரு வாய் குடித்து, உடனே இன்னொரு வாய் குடித்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். உமிழ்நீர் மீண்டும் ஊற நேரம் வேண்டும். வெள்ளை ஒயினை முதலிலும் சிவப்பைப் பின்னரும் ஊற்றுவதற்கும், நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் வைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். ஐந்தாவது கோப்பை முதல் கோப்பையோடு சமமான நிலையில் போட்டியிடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். முகர்ந்து முகர்ந்து மூக்கும் பழகிப்போய்விடும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணப்பதில்லை அல்லவா?

கோப்பைக்கு வெளியே இருந்து வரும் ருசி

இதுவரை சொன்னவை கோப்பைக்குள் இருப்பவை. வெளியே இருந்து வருபவை இனி.

2001இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்களான மோரோ, பிரோஷே, துபூர்தியூ ஆகிய மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படிக்கும் 54 பேரிடம் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, வாசனையை வருணிக்கச் சொன்னார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை என்றும், சிவப்புக்குக் கருநிறப் பழங்கள், மசாலா என்றும் ஒவ்வொருவரும் சொற்களைத் தேர்ந்தெடுத்தனர். பின்னொரு நாள் மறுபடியும் இரண்டு கோப்பைகள். ஒன்றில் அதே வெள்ளை ஒயின். மற்றொன்றிலும் அதே வெள்ளை ஒயின்தான்! மணமில்லாத சிவப்புச் சாயம் மட்டும் அதில் கலந்திருந்தது. மாணவர்கள் சாயம் போட்ட கோப்பைக்குச் சிவப்பு ஒயினின் சொற்களையே சூட்டினார்கள். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்துவிட்டது. அவர்கள் ஏமாளிகள் அல்லர், அத்துறையையே படிப்பவர்கள். 'சிவப்பு' என்று கண்டவுடன் எதிர்பார்ப்பு எழுகிறது. எதிர்பார்ப்பு உணர்ச்சியையே உருமாற்றுகிறது.

விலையும் அப்படித்தான். 2008இல் கலிபோர்னியாவின் கால்டெக், ஸ்டான்போர்டு ஆகிய கல்வி நிலையங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் 20 பேரைப் படுக்க வைத்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒயின் கொடுத்தார்கள். ஐந்து வகை என்று சொன்னார்கள். உண்மையில் இருந்தவை மூன்றே. 90 டாலர் ஒயினை ஒரு தடவை 90 டாலர் என்றும், இன்னொரு தடவை 10 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அதிக விலை கேட்டபோது அதிகம் பிடித்திருப்பதாகச் சோதனைக்கு உட்பட்டவர்கள் சொன்னார்கள். முகத்தாட்சண்யத்துக்காகச் சொன்னார்களா? இல்லை. இன்ப உணர்ச்சியோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியிலும் செயல் கூடுதலாகவே இருந்தது. விலை சொல்லாமல் பின்னொரு நாள் அதையே கொடுத்தபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ருசிக்கூடத்தில் விலைப்பட்டியல் மேடைமேலேயே கிடக்கும். ஊற்றுபவரும் மலிவானதில் தொடங்கி விலை கூடியதில் முடிப்பது வழக்கம். கடைசிக் கோப்பை அமிர்தமாகத் தோன்றினால் அதில் எத்தனை பங்கு திராட்சை, எத்தனை பங்கு டாலர்?

இசைகூடச் சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு கடையில், ஒயின் அடுக்கின் அருகே பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மானிய இசை ஒலித்த நாள்களில் ஜெர்மானிய ஒயினும் கூடுதலாக விற்றன. 1997இல் வெளியான ஆய்வு இது.

ஆனால் எல்லாவற்றிலும் வலிமையானது பக்கத்தில் நிற்கும் நண்பரின் வாய்ச்சொல் என்றே நான் நினைக்கிறேன். 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலார் வெளியிட்ட சோதனையில் ஒயினும் இல்லை, வாசனையும் இல்லை, வெறும் கோடுகள். எந்தக் கோடு குறிப்பிட்ட கோட்டின் நீளமுள்ளது என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத ஒருவர், தம் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, அத்தகைய கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டத்தோடு ஒத்துப்போனார். கண்ணெதிரே கிடக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், ஆவியாய்ப் பறக்கும் வாசனைக்கு என்ன கதி! ஆஷ் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும். மற்றவருக்குத் தைரியம் வந்து, தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. "எனக்கு அப்படித் தெரியவில்லையே" என்று சொல்லும் நண்பர் ஒருவர் இருந்தால் அந்தக் கூட்டம் அதிர்ஷ்டமுள்ளது.

"இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, தொழில் நிபுணர்கள் ஏமாறமாட்டார்கள்" என்று ஒரு கட்சி உண்டு. ராபர்ட் ஹாட்சன் என்பவர் கலிபோர்னியாவில் சிறு ஒயின் ஆலை நடத்துபவர். புள்ளியியல் அறிந்த பேராசிரியர். மாநிலப் பொருட்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு, வரிசையாக வரும் சுமார் 30 கோப்பைகளுக்கு நடுவே, ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மூன்று கோப்பைகளை அவர்களுக்குத் தெரியாமல் கலந்து வைக்கச் செய்தார். நான்கு ஆண்டுகள் இதைத் தொடர்ந்து செய்து, 2008இல் முடிவை வெளியிட்டார். மூன்று கோப்பைகளுக்கும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் கொடுத்த நடுவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம்தான். அதே ஒயின், அதே புட்டி, அதே நாள். ஒரு கோப்பைக்கு வெண்கலம், இன்னொன்றுக்குத் தங்கம்!

ஆயினும் பெயரை மறைத்து ருசி பார்ப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மறைக்காமல் பார்ப்பது இன்னும் மோசம். இன்று நாபாவில் கூட்டம் கூடுவதற்கே ஒரு மறைப்புச் சோதனைதான் காரணம் எனலாம். 1976 மே 24ஆம் தேதி பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின்களோடு கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் மறைத்து வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர் ருசி பார்த்து மதிப்பெண் போட்டார்கள். வெள்ளையில் ஷாத்தோ மொண்டெலீனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் முதலிடம் பெற்றன. இரண்டும் 1973ஆம் ஆண்டு விளைச்சல். இரண்டும் நாபா ஆலைகளில் தயாரானவை. மதிப்பெண் வேறுபாடுகள் சிறியவையே. மறுநாள் வைத்திருந்தால் வரிசை மாறியிருக்கக் கூடும். ஆனால் புட்டியின் பெயர் கண்ணில் பட்டிருந்தால் அந்த நடுவர்கள் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அப்படியானால் ருசிக்கூடத்தில் என்ன செய்வது?

நாபாவுக்குக் கிழக்கே, டேவிஸ் என்னும் ஊரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பெண் விஞ்ஞானி பணியாற்றினார். ஒயினைப் பற்றி மக்கள் பேசும் மொழி அவருக்குப் பொறுக்கவில்லை. 'கம்பீரமானது', 'நளினமானது' என்றால் என்ன பொருள்? ஒருவர் நினைக்கும் நளினம் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்? 1984இல் அவரும் அவர் குழுவினரும் 'மணச் சக்கரம்' ஒன்றை வெளியிட்டார்கள். நடுவில் பழம், மலர், மசாலா, மண் என்று பொதுப் பிரிவுகள். வெளிவட்டத்துக்குப் போகப்போகக் குறிப்பான பெயர்கள். புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. முக்கியமான விஷயம், ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் உண்டு. மணம் குறைந்த ஒயினில் ஒரு துண்டு குடைமிளகாயையோ, ஒரு கிராம்பையோ ஊறவைத்து, 'இதற்கு இந்தப் பெயர்' என்று முதலில் மூக்குக்குப் பாடம் சொல்லித் தரலாம். அதன்பின் ஐந்து பேர் 'கிராம்பு' என்றால் ஐந்து பேரும் ஒன்றையே சொல்கிறார்கள். அந்தச் சக்கரத்தில் காணும் பழங்களில் சில நாம் கண்ணால் கூடக் காணாதவை. அதனாலென்ன? நாவற்பழம், புளி, சுக்கு, மழைக்குப் பின் மண் என்று நமக்கென்று ஒரு சக்கரம் எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

இதோடு ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஊற்றியவுடன் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு சிறு காகிதத்தில் தமக்குத் தோன்றியதை எழுத வேண்டும். 'ஒன்றும் தெரியவில்லை' என்பதும் ஒரு விடைதான். எழுதி முடித்த பிறகு படித்துக் காட்டலாம், வாதாடலாம், மீண்டும் முகர்ந்து பார்க்கலாம். நண்பர் சொன்ன பிறகு செர்ரி வாசனை தெரிந்தால் அது பொய்யென்று தள்ளவும் வேண்டாம். பெயர் தெரியாமல் மூக்கில் நின்றிருந்த ஒன்றுக்கு அவர் பெயர் கொடுத்திருக்கலாம். எது முன்னால் வந்தது என்பதைக் காகிதம் சொல்லிவிடும். விலைப்பட்டியலைக் கவிழ்த்து வையுங்கள். அவ்வளவு பணம் கட்டி உள்ளே வந்துவிட்டு விலையைப் பார்க்காமல் இருப்பது கடினந்தான்.

மேடையின் ஓரத்தில் ஒரு படிக்கம் வைத்திருப்பார்கள். வாயில் வைத்துச் சுழற்றிய ஒயினை அதில் துப்பிவிடலாம். அங்கே அது மரியாதைக் குறைவன்று. தொழிலாகச் செய்பவர்கள் அனைவரும் துப்புகிறார்கள். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வரும் தூள்களைச் சோதிப்பவர்களும் கரண்டித் தேநீரை ஓசையோடு உறிஞ்சித் துப்பிவிட்டுத்தான் அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார்கள். அந்த ஓசைக்கும் காரணம் உண்டு; காற்றோடு கலந்து உறிஞ்சினால் ஆவி எளிதாக மூக்குக்கு ஏறும்.

துப்பாமல் விழுங்குபவர் கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். 30 மில்லி வீதம் ஐந்து கோப்பை என்றால் 150 மில்லி. 12 சதவீத ஒயினில் அது 14 கிராம் தூய ஆல்கஹால். ஒரே நாளில் மூன்று கூடங்கள் என்றால் 42 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கும். ஆகவே முழுவதும் தீர 4 முதல் 6 மணி நேரம் ஆகும். காப்பி குடித்தாலும் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. நாபாவின் சிவப்பு ஒயின்கள் பலவற்றில் ஆல்கஹால் 14 சதவீதத்துக்கும் மேல் என்பதால் கணக்கு இன்னும் ஏறும். பள்ளத்தாக்கின் நெடுகச் செல்லும் 29ஆம் எண் சாலையில்தான் கூடத்துக்குக் கூடம் கார் ஓட்டிப் போக வேண்டும். இரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் இருந்தாலே கலிபோர்னியாவில் வாகனம் ஓட்டுவது குற்றம். அதற்கும் குறைந்த அளவிலேயே கவனமும் கையும் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. ஐவரில் ஒருவர் ஒரு துளியும் தொடாமல் காரோட்ட வேண்டும். முகர்ந்து பார்ப்பதில் அவருக்கும் தடையில்லை. ருசியின் பெரும்பகுதி மூக்கில்தானே இருக்கிறது என்று அவரைத் தேற்றலாம்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. 'முக்கோணச் சோதனை' என்று உணவு ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பெயர். இரண்டு கம்பெனித் தேயிலைத் தூள்களைப் பால் சேர்க்காமல், ஒரே அளவில், ஒரே சூட்டில் தயாரியுங்கள். ஒரு நண்பருக்கு மூன்று எவர்சில்வர் தம்ளர்கள். இரண்டில் ஒரு தேநீர், மூன்றாவதில் மற்றொன்று. நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் கண்ணைக் கட்டிவிடுங்கள். வைக்கும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். எது நல்லது என்று கேட்க வேண்டாம்; எது வேறானது என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நண்பர்களைத் தனித்தனியே, ஒருவர் விடை மற்றவர் காதில் விழாமல் சோதியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாக அமைய ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐவருமே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 243இல் ஒரு வாய்ப்பு. நால்வரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல 243இல் 11, அதாவது 100க்கு 5க்கும் குறைவு. ஆகவே நால்வர் சரியாகச் சொல்லிவிட்டால் இரண்டு தேநீருக்கும் உண்மையாகவே வேறுபாடு தெரிகிறது என்று கொள்ளலாம். மூவர் மட்டும் சொன்னால்? மூவரோ அதற்கு மேலோ என்ற வாய்ப்பு 243இல் 51. ஐந்து தடவைக்கு ஒரு தடவை வெறும் அதிர்ஷ்டத்திலேயே நேரக்கூடியது அது. அந்த நிலையில் முடிவு கட்டாமல், இன்னொரு நாள் மாலையில் நண்பர்களை மறுபடியும் தேநீருக்கு அழையுங்கள்.